றமீஸாவுக்கு எதிராகக் கையெழுத்து வைக்குமுன்

மாத்தளை,
11.08.1996, ஞாயிறு.

அன்பு மகள் டொறீனுக்கு,

அப்பா எழுதுவது. தேவமாதாவின் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அதாவது அம்மாவின் முழங்கால் வலியையும் என் இருமலையும் உன் தம்பி கிறிஸ்தோபரின் வாயையும் கழித்துப் பார்த்தால் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். அதில் பாதியைத்தான் நம்புகிறேன், ஏனென்றால் சுகமாக இருக்கிற பிள்ளை ஆறு பக்கம் எழுதாது, வழக்கமாக நீ எழுதுவது ஒன்றரைப் பக்கம், அதில் அரைப் பக்கம் மஸ்கட் வெயிலைப் பற்றி. இந்தத் தடவை வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கவரின் ஓரத்தில் வேறு இரண்டு விதமான பசை இருந்தது. ஒன்று நீ ஒட்டியது, மற்றது யார் ஒட்டியது என்று தபால்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, ஏன் சார்ஜன், ஒங்க மக அப்படி என்ன ரகசியம் எழுதுறாங்க என்றார். ரகசியம் இல்லாத கடிதத்துக்கு எதற்கு இரண்டு பசை? அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நம் கோயில் தெருவிலிருந்து அங்கே வீட்டு வேலைக்குப் போன அருள்மணி லீவு முடிந்து பதினெட்டாம் திகதி திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்து விடுகிறேன். அவள் நல்ல பிள்ளைதான். ஆனாலும் கவரை ஒட்டி மேலே கறுப்பு நூலால் தைத்திருக்கிறேன், பதினேழு தையல், எண்ணிப் பார்த்துக்கொள். டெலிபோனில் பேசலாமே என்று அம்மா சொன்னாள். அந்த டெலிபோன் கடையில் நான் ஹலோ என்றதும் வரிசையில் நிற்கிற நான்கு பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள், அப்படிப்பட்ட இடத்தில் இதைப் பேச முடியாது.

வீட்டுப் புதினம் என்றால், போன கிழமை பொலிஸிலிருந்து வந்து வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று மறுபடியும் எழுதிக்கொண்டு போனார்கள். போன மாதமும் எழுதினார்கள். அதற்குள் நாங்கள் குட்டி போட்டுவிட்டோமா என்று அம்மா முணுமுணுத்தாள், நான் அவள் கையைக் கிள்ளினேன். கிறிஸ்தோபர் கராஜிலிருந்து வரும் வழியில் கிழமைக்கு இரண்டு தடவையாவது சோதனைச் சாவடியில் மறிக்கப்படுகிறான், எண்ணெய்க் கையோடு அடையாள அட்டையை எடுத்து எடுத்து அதில் அவன் முகமே தெரியாமல் போய்விட்டது. புது அட்டைக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். எதிர்வீட்டு மேல்மாடிக்கு ஒருவர் புதிதாகக் குடிவந்திருக்கிறார், மூக்குக் கண்ணாடி விற்கிறவராம். அவருடைய சப்பாத்தைப் பார்த்தேன், குதிப் பக்கம் வரைக்கும் பொலிஷ். கண்ணாடி விற்கிறவன் முன்பக்கத்தைத்தான் மினுக்குவான், குதியை மினுக்குகிறவன் ஒரு காலத்தில் பரேட்டில் நின்றவன், பின்னால் நிற்கிற சார்ஜனுக்குப் பயந்தவன். போதாததற்கு மனுசன் என்னிடம் மிக நல்ல தமிழ் பேசுகிறார். எங்கள் தெருவில் இவ்வளவு நல்ல தமிழை யாருமே பேசுவதில்லை, மகளே. அம்மா சொல்கிறாள், ஒங்களுக்கு ஒங்க நெழல் மேலயே சந்தேகம், அது ஏன் பின்னாலயே வருதுன்னு கேப்பீங்க என்று. சொல்லட்டும். இருபத்திரண்டு வருடம் ஆமியில் இருந்தவனுக்குக் கண் அப்படித்தான் போகும்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் இருபத்தாறு பெண்களுக்கு உன்னை லீடராக்கி மூன்று மாதம் ஆகிறது, ஒருத்தியும் சொன்னதைக் கேட்பதில்லை, ஆமியில் ஆட்களை எப்படி மேய்த்தீர்கள் அப்பா என்று கேட்டிருந்தாய். மேய்ப்பதற்கு அவர்கள் மாடு இல்லை. என்னுடைய முதல் பிளட்டூன் கட்டளை அதிகாரி ஒரு சிங்கள இளைஞர், மீசை கூடச் சரியாக முளைக்காதவர். பத்து மைல் நடந்து வந்ததும் அவர் எங்களிடம் களைப்பா என்று கேட்க மாட்டார், கேட்டால் எவன் ஆமென்று சொல்வான்? சப்பாத்தைக் கழற்றச் சொல்லி ஒவ்வொருவன் பாதத்தையும் குனிந்து பார்ப்பார், கொப்புளம் இருந்தால் தன் கையால் மருந்து போடுவார், அதற்குப் பிறகுதான் தன் சப்பாத்தைக் கழற்றுவார். அந்த மனிதருக்காக நாங்கள் எங்கேயும் நடந்தோம். உன் பெண்கள் நாள் முழுக்க மருந்துத் தண்ணீரில் கை வைக்கிறவர்கள், அவர்களுடைய விரல் இடுக்கைப் பார். யாருக்காவது தோல் உரிந்திருந்தால் கையுறை கேட்டுச் சண்டை பிடி. சாப்பாட்டு வரிசையில் கடைசியாக நில். ஒருத்தியைத் திட்டுவதென்றால் தேத்தண்ணி குடித்த பிறகு, தனியாகக் கூப்பிட்டுத் திட்டு. எவள் உன்னிடம் அடிக்கடி வந்து மற்றவர்களைப் பற்றிச் சொல்கிறாளோ அவளுடைய வேலையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை போய்ப் பார். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், இதில் நான் வாத்தியார்தான். ஆனால் உன் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்பது வேறு கதை. அதனால்தான் பதில் எழுதப் பதினொரு நாள் எடுத்தது.

நீ எழுதியதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். டாக்டரம்மா ஒருவருடைய தங்கக் கைக்கடிகாரம் காணாமல் போய்விட்டது. அந்த அறையைக் கூட்டுகிறவர்கள் மூன்று பேர், அதில் ஒருத்தி நம் உக்குவளைப் பிள்ளை றமீஸா. அன்றைக்கு வேலை முடிந்து போகும்போது அவள் ஒரு பொட்டலத்தை உடுப்புக்குள் வைத்துக்கொண்டு போனதை நீ பார்த்தாய், அதை மனேஜரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டாய். அவர் ஒரு கடதாசி தயாரித்து வைத்திருக்கிறார், அரபியில். மாத முடிவுக்குள் நீ அதில் கையெழுத்து வைத்தால் றமீஸாவை ஊருக்கு அனுப்பிவிட்டு விஷயத்தை முடித்துவிடுவார்கள். வைக்காவிட்டால் உன்னுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது கஷ்டம் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார். இந்த இடத்தில் எனக்கு முதலில் வந்த சந்தேகம் அந்த மனேஜர் மேல்தான். பொலிஸுக்குப் போகாமல், உடுப்புப் பெட்டிகளைத் திறந்து பார்க்காமல், ஒரு லீடரின் கையெழுத்து மட்டும் போதும் என்று ஒருவன் சொன்னால் அவனுக்குக் களவைப் பிடிக்கிற அவசரம் இல்லை, பைலை மூடுகிற அவசரம். அதுவும் போகட்டும். அதற்கு அடுத்த வரியில் நீ எழுதியிருந்தாய்: கடதாசி அரபியில்தானே அப்பா, பிறகு பிரச்சினை வந்தால் எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம், உங்களுக்கு நடந்த மாதிரித்தானே, உங்களை யாரும் குறை சொல்லவில்லையே என்று. அந்த வரியை வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா மீன் சரியில்லையோ என்று சட்டியை முகர்ந்து பார்த்தாள்.

மறுநாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? சொன்னால் சிரிப்பாய். பஸ் ஏறி உக்குவளைக்குப் போய், றமீஸாவின் வீட்டுக்கு எதிரே இருக்கிற தேத்தண்ணிக் கடையில் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். வேவு பார்க்கப் போனேன், வேறென்ன. நீ அனுப்பும் பார்சலை விட அவள் அனுப்பும் பார்சல் பெரிது என்று எழுதியிருந்தாயே, அது எங்கே போகிறது என்று பார்க்கத்தான். அவள் புருசன் முத்தலிப் வாசலில் கராம்புப் பூ காய வைத்துக்கொண்டிருந்தார், மூன்று பிள்ளைகள், மூன்றின் காலிலும் ஒரே மாதிரி புதுச் சப்பாத்து. உள்ளே ஒரு தையல் மெஷின். கடைக்காரர் நாலாவது தேத்தண்ணியை வைத்தபோது, ஐயா யாரத் தேடுறீங்க என்று கேட்டார், அப்போதுதான் எனக்கே தோன்றியது, புதுச் சப்பாத்தைப் பார்த்துத் தங்கக் கடிகாரத்தைக் கண்டுபிடிக்க வந்திருக்கிறேனே என்று. வாசலில் நிற்கிற அந்த மனுசனுக்கு அவருடைய பெண்சாதியைப் பற்றி அங்கே ஒரு கடதாசி எழுதப்பட்டிருப்பது தெரியாது. எனக்குத் தெரியும். தேத்தண்ணிக்குக் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கே யட்டவத்தைக்குப் போவதென்று முடிவு செய்தேன், ஆனால் உண்மையில் போனது எட்டு நாள் கழித்து.

ஏன் யட்டவத்தை என்று கேட்பாய். நீயும் தம்பியும் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் கையெழுத்துக் கேட்டு வரும்போதெல்லாம் நான் ஒரு கதை சொல்வேனே, அந்தக் கதையில் வருகிற மனிதன் அங்கேதான் இருக்கிறான். ஆமியில் ஒரு தடவை சிங்களத்தில் எழுதிய ஒரு கடதாசியில் வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்துவிட்டேன், எழுதினவன் என்னை ஏமாற்றிவிட்டான், அதனால் ஒரு அப்பாவிக்கு வேலை போய்விட்டது, ஆகவே வாசிக்காத கடதாசியில் கை வைக்காதே என்று முடியுமே, அந்தக் கதை. அதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. நடந்தது அது இல்லை, மகளே.

1973, ஐப்பசி மழைக்காலம். முகாமின் பெயரை எழுதவில்லை, கடிதம் யார் கையில் போகுமோ. ஸ்டோர் சாவி மூன்று பேரிடம் இருந்தது. ஸ்டாப் சார்ஜன் ஒருவர், அவர் சிங்களவர், கப்டனுக்கு ஊர்க்காரர். அடுத்தது நான், அப்போது லான்ஸ் கோப்ரல், தோளில் ஒரே ஒரு பட்டி. மூன்றாவது இருளாண்டி, ரிவர்ஸ்டன் பக்கத் தோட்டத்துப் பையன், சாதாரண சிப்பாய். தூரக்கண்ணாடி ஒன்று காணாமல் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மேஜர் வந்து பார்க்கப் போகிறார். கப்டன் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். ஸ்டாப் சார்ஜனை யாரும் தொட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், மிச்சம் இருப்பது இரண்டு தமிழர், அதில் ஒருவன் கள்ளன் என்று ஆகப் போகிறது. அப்போது உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு அம்மா வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இருளாண்டி மழைக்கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் போனதைப் பார்த்தேன், அன்றைக்கு மழை இல்லை, எனக்கு ஒரு சந்தேகம் என்று சொன்னேன். இது உண்மை, பார்த்தேன், சந்தேகமும் இருந்தது. வாக்குமூலம் எழுதுகிறவன் அதைச் சிங்களத்தில் எழுதினான். எழுதிவிட்டு, வாசிக்கத் தெரியுமா என்று கேட்டான், தெரியாது என்றேன். நான் சொன்னபடியே வாசித்துக் காட்டினான், சந்தேகம் என்கிற சொல்லோடு. ஆனால் கடதாசி என் முன்னால் இருந்தது. அதில் சந்தேகம் என்று இல்லை. தூரக்கண்ணாடியை மழைக்கோட்டில் சுற்றி எடுத்துப் போனதை என் கண்ணால் கண்டேன் என்று இருந்தது. கண்டேன் என்கிற அந்தச் சொல்லை நான் வாசித்தேன். எனக்கு வாசிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான், ஆனால் தெரியும். கோப்ரல் ஆவதற்கு எழுத வேண்டிய சிங்களப் பரீட்சைக்கு ஆறு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து வைத்தேன்.

இருளாண்டியைக் களவுக் குற்றம் எழுதி வெளியே அனுப்பினார்கள், பென்சன் கிடையாது, நற்சான்றுப் பத்திரம் கிடையாது. மார்கழியில் நான் அந்தப் பரீட்சையை எழுதிப் பாஸ் பண்ணினேன். ஐப்பசியில் வாசிக்கத் தெரியாதவனுக்கு மார்கழியில் எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்துத் திருத்த வேலைக்குப் போன ஜீப் ஒன்று திரும்பி வந்தது, அதன் பின் சீட்டுக்கு அடியில் தூரக்கண்ணாடி கிடந்தது. நான்தான் எடுத்தேன், போர்ப் பயிற்சிக்குப் போன நாளில் யாரோ வைத்து மறந்திருக்கிறார்கள். ஸ்டாப் சார்ஜனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முடிந்த வேலையைக் கிண்டாதே, உனக்கும் பட்டி வருகிற நேரம் என்றார். நானும் கிண்டவில்லை. பட்டி வந்தது. பிறகு இன்னொன்றும் வந்து சார்ஜன் ஆனேன். இருளாண்டி யட்டவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்துகிறான் என்று 1980இல் ஒருவன் சொன்னான், அன்றிலிருந்து அந்த பஸ்ஸில் நான் ஏறியதில்லை. அங்கே மிளகு மலிவு, ஒருக்கா போய் வருவோம் என்று அம்மா கேட்டபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொன்னேன். ஊரில் உள்ளவன் எல்லாரையும் சந்தேகப்படுகிறவன் என்று என்னைப் பற்றிச் சிரிக்கிறீர்களே, ஒரு மனிதன் எவ்வளவு சுலபமாகப் பொய்க்குக் கையெழுத்து வைப்பான் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் யாரையும் நம்ப முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை போனேன். வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய்க்குத் தம்பியின் வயதுதான் இருக்கும். தமிழ்ப் பெயரைக் கண்டதும் ஓரமாக நிற்கச் சொன்னான். நான் பென்சன்காரன் என்று ஆமியில் கொடுத்த அட்டையைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்கே கிடைத்தது என்று சிங்களத்தில் கேட்டான். கிடைத்ததாம்! எந்த வருடம் சேர்ந்தேன், என் இலக்கம் என்ன, எல்லாம் சொன்னேன், அவன் நம்பவில்லை, ஆனால் பின்னால் பஸ்கள் சேர்ந்துவிட்டதால் விட்டுவிட்டான். வேறு நாளாக இருந்தால் எனக்கு இரத்தம் கொதித்திருக்கும். அன்றைக்கு என்னவோ, இவன் சந்தேகப்படுவதில் பிழையில்லை என்று நினைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

இருளாண்டி ஒரு சைக்கிள் சில்லைச் சுற்றிவிட்டு நெளிவு பார்த்துக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது, இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. நான் வாயைத் திறக்கவே இல்லை, நடையை வைத்தே கண்டுகொண்டான். வாங்க கோப்ரல், பஸ் கெடைக்க இருவத்து மூணு வருசம் ஆயிருச்சா என்றான். உட்காரப் பெட்டி ஒன்றைத் தட்டிப் போட்டான். முதலில் என்ன பேசுவது என்று தெரியாமல், அன்றைக்கு அந்த மழைக்கோட்டுக்குள் என்னடா இருந்தது என்று கேட்டேன். அவன் சிரித்தான். உள்ள என்ன இருக்கும், கோட்டுத்தான் கிழிஞ்சிருச்சு, திங்கக்கெழம கிட் இன்ஸ்பெக்சன், ஆருக்கும் தெரியாம டவுன்ல தைக்கக் குடுக்கப் போனேன், நீங்களும் தச்சுக்கிட்டவர்தானே என்றான். மகளே, அரசாங்க உடுப்பைக் கிழித்தால் தண்டனை, அதனால் ஆமியில் இருக்கிற ஒவ்வொருவனும் பரிசோதனைக்கு முந்தின நாள் கிழிந்ததைச் சுருட்டிக்கொண்டு பின்வழியாகத் தையற்காரனிடம் ஓடுவான். நானே இரண்டு தடவை ஓடியிருக்கிறேன். மழையில்லாத நாளில் சுருட்டிய மழைக்கோட்டைக் கண்டால் எந்தச் சிப்பாய்க்கும் அதுதான் முதலில் தோன்ற வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேன்.

பிறகு பழக்கத்தில், எனக்கு அந்தக் கடதாசியை வாசிக்கத் தெரியாமல் போய்விட்டது என்று ஆரம்பித்தேன். அவன் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். கோப்ரல், எழுத்துச் சொல்லிக் குடுத்தவங்கிட்டயே அதச் சொல்றீங்களா என்றான். ஆமாம், மகளே, இதை நான் உங்களுக்குச் சொன்னதே இல்லை. தோட்டத்துக்குக் கிட்ட இருந்த சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அவன். ஆறு மாதமாக ஸ்டோரில் வேலை முடிந்த பிறகு, பழைய படிவங்களின் முதுகுப் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாக எழுதி எனக்குச் சொல்லித் தந்தது இருளாண்டிதான். நான் எவ்வளவு வாசிப்பேன், எந்த எழுத்தில் தடுக்குவேன் என்று இந்த உலகத்தில் ஒருவனுக்குத் தெரியுமென்றால் அது அவனுக்குத்தான். நான் ஊரெல்லாம் சொன்ன கதை எல்லாரிடமும் செல்லுபடியாயிற்று, அவனிடம் ஒருநாளும் செல்லுபடியாகவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. ஒரு ஆள் டயருக்குக் காற்றடிக்க வந்தவன் என்னைப் பார்த்துவிட்டுப் பிறகு வருகிறேன் என்று போய்விட்டான்.

மன்னித்துக்கொள் என்று கேட்டேன். அவன் அதற்கு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எனக்கு ஒண்ணும் வேணாம் கோப்ரல், ஊட்டுல பாலாமணி இருக்கா, அவகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போங்க என்றான். ஏன் என்று கேட்டேன். அவ இன்னும் நம்பல என்றான். இருபத்து மூன்று வருடமாக அவனுடைய மனைவிக்கு அவன் எடுத்தானா இல்லையா என்று தெரியாது. ஒரு சைக்கிள் மணியை வீட்டுக்குக் கொண்டுபோனாலும், இது எங்கருந்து வந்துச்சு என்று கேட்கிறாளாம். தப்பாகக் கேட்பதில்லை, சாதாரணமாகத்தான் கேட்கிறாள், ஆனால் கேட்காமல் இருப்பதில்லை.

கடைக்குப் பின்னால்தான் வீடு. அந்தப் பெண் மா அரித்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்னது என்ன, எழுதியது என்ன, எனக்கு வாசிக்கத் தெரிந்தது, ஜீப் சீட்டுக்கு அடியில் கிடந்தது, ஒன்றையும் விடவில்லை. இருளாண்டி வாசலில் குந்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள். பிறகு என்னிடம், இவரு ஒங்களுக்கு என்ன குடுத்துக் கூட்டிக்கிட்டு வந்தாரு என்று கேட்டாள். தேவமாதா மேல் சத்தியம் என்று சொன்னேன். அவள், அன்னைக்கும் சத்தியம் பண்ணித்தானே கையெழுத்துப் போட்டீங்க என்றாள். தேத்தண்ணி கொடுத்தாள், சீனியும் வைத்தாள், குடித்தேன். இருளாண்டி பஸ் வரைக்கும் வந்தான். பஸ் புறப்படும்போது, இனிமே வராதீங்க கோப்ரல், நீங்க வந்தது அவளுக்கு இன்னொரு சந்தேகம் என்றான்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன், அப்பா மேல் கோபிக்காதே. உன் கடிதங்கள் எல்லாவற்றையும் நான் பிஸ்கட் டின்னில் திகதிப்படி அடுக்கி வைத்திருக்கிறேன். இப்போது வந்த உன் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், நான் சொன்னதை விடக் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அரபு வாசிக்கத் தெரியாதவளுக்குக் கூடுதலாக எழுதியிருப்பது எப்படித் தெரிந்தது? மூன்று நாள் இதை யோசித்தேன். பிறகு டின்னைத் திறந்து பழையதெல்லாம் பார்த்தேன். பாஸ்குத் திருநாள் முடிந்து நீ எழுதியது கிடைத்தது. வார்டுப் பலகைகளை இப்போது நானே எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன் அப்பா, இங்கே ஒருத்தி குர்ஆன் ஓதப் படித்த எழுத்தை எனக்குச் சொல்லித் தருகிறாள், கேட்டுக் கேட்டு அர்த்தமும் கொஞ்சம் பிடிபடுகிறது என்று சந்தோசமாக எழுதியிருந்தாய். அவள் பெயரையும் எழுதியிருந்தாய், றமீஸா என்று.

அவள் கடிகாரத்தை எடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. எடுத்தும் இருக்கலாம், நான் யாருக்கும் பிணை நிற்கிறவன் இல்லை. நீ பார்த்தது ஒரு பொட்டலம். அதைத் தமிழில் உன் கையால் எழுது. இத்தனையாம் திகதி, இத்தனை மணிக்கு, ஒரு பொட்டலத்தைப் பார்த்தேன், உள்ளே என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். அதில் கையெழுத்து வைத்துக் கொடு, அவர்கள் மொழிபெயர்த்துக்கொள்ளட்டும். அதற்கு முன் றமீஸாவைத் தனியாகக் கூப்பிட்டு அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று கேள். அவள் பொய் சொன்னாலும் பரவாயில்லை, கேட்டாய் என்று இருக்கும். நான் கேட்கவே இல்லை. உன்னை அதற்காக அனுப்பிவிட்டால் வந்துவிடு, தம்பியின் கட்டிலை நடு அறையில் போட்டு உன் அறையை ஒழித்துத் தருகிறோம், இங்கே நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. வீட்டுக் கூரை அடுத்த வருடம் மாறட்டும், ஒழுகுகிற இடத்தில் சட்டி வைக்க எங்களுக்குத் தெரியும். ஆனால் வாசிக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. உக்குவளை வாசலில் நிற்கிற அந்த மனுசனை நான் பார்த்துவிட்டேன். இன்னும் இருபது வருடம் அவர் தன் பெண்சாதியிடம் ஒவ்வொரு பொருளுக்கும் இது எங்கருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டிருப்பார், அன்றைக்கு நீ போய்ச் சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டார்.

இந்தக் கடிதத்தைத் தைக்கும் முன் அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவள், யட்டவத்தயில மெளகு என்ன வெலைன்னு கேட்டீங்களா என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செபமாலையை எடுக்கப் போய்விட்டாள். உனக்கு ஆசீர்வாதம் எழுதச் சொன்னாள். தேவமாதா உன்னைத் தன் சேலைத் தலைப்பில் வைத்துக் காப்பாளாக. உன் கைக்கும் நாவுக்கும் நல்ல காவல் இருப்பதாக. மாத முடிவுக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது, அருள்மணி வந்து சேர ஏழெட்டு நாள் போய்விடும், அதை மறந்துவிடாதே, கடைசி நாள் வரைக்கும் வைத்துக்கொண்டு இருந்தால் பயம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு எழுத வைக்கும். பதிலை அம்மாவின் பெயருக்குப் போடு, என் பெயருக்கு வருவதைத்தான் பிரிக்கிறார்கள். வழக்கமாக என் பெயருக்கு முன்னால் சார்ஜன் என்று போடுவேன், இந்தத் தடவை போட மனம் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
சில்வெஸ்டர்.